குடம்புளியும் கத்தியும்

எங்கள் கிளையிலிருந்து நடக்கிற தூரத்தில் யூதத் தெரு. அதன் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம். நம்மூரில் பரதேசி என்றால் திட்டு. இங்கே அயல்நாட்டார் என்றுதான் அர்த்தம். (அந்தக் கணக்கில் விருதுநகரிலிருந்து மாற்றலாகி மட்டாஞ்சேரி வந்து சேர்ந்த நானும் பரதேசிதான் :-) ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்களின் வழியினர் கட்டிய கோயில் அது. அவர்களுடைய பழைய ஸ்பெயினில் இருந்த ஒரு யூத வைத்தியரிடமிருந்துதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும்.

ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், பத்தாம் நூற்றாண்டில் கோர்தோபா கலீஃபாவின் அரண்மனை வைத்தியர். வடக்கே லியோன் நாட்டு ராஜா சாஞ்சோவுக்குக் 'குண்டன்' என்றே பட்டப்பெயர். குதிரை ஏற முடியாத ராஜா எதற்கு என்று 958-ல் பிரபுக்கள் இறக்கிவிட்டார்கள். அவனுடைய பாட்டி தோதா, பேரனைக் கூட்டிக்கொண்டு எதிரி நாடான கோர்தோபாவுக்கே போய் நின்றாள். வைத்தியர் வாயைத் தைத்துவிட்டுக் குழாயில் கஷாயம் மட்டும் ஊற்றினார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எப்படியோ எடை இறங்கியது, 960-ல் சிம்மாசனம் திரும்பியது. பேசிய ஃபீஸ் பத்துக் கோட்டைகள்!

இதையெல்லாம் நான் எதற்குத் தேடிப் படிக்கிறேன்? வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 108 கிலோ. 108 அர்ச்சனைக்கு நல்ல எண்; பி.எம்.ஐ. கணக்கில் போட்டால் 37 வருகிறது. பதினோரு வருடச் சர்க்கரை, இன்சுலின் போட்டும் அடங்கவில்லை. "ஆபரேஷன் பத்தி யோசிங்க சார்" என்றார் டாக்டர். பி.காம். படித்தவன் என்ன செய்வான்? கடன் கேட்டு வருகிறவரின் பழைய பாலன்ஸ் ஷீட்டைப் புரட்டுகிற மாதிரி, இந்த ஆபரேஷனின் பழைய கணக்கைப் புரட்டினேன்.

கத்திக்கு முன்னால் புளி. இங்கே மீன் குழம்புக்குப் போடும் கறுத்த குடம்புளி (நம்ம கொடுக்காப்புளி இல்லை, இது வேறு) கொச்சியின் டச்சு கவர்னர் வான் ரீடே தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில், 1678-ல் வந்த முதல் பாகத்திலேயே இருக்கிறது. முந்நூறு வருடம் குழம்பில் கிடந்த அதை 1990-களில் அமெரிக்காவில் கார்சினியா என்று மாத்திரையாக்கி, கொழுப்பைக் கரைக்கும் என்று விற்றார்கள். 1998-ல் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது வெற்று மாத்திரைக்கும் இதற்கும் எடையில் வித்தியாசம் இல்லை. மசாலாக் கடைக்காரர் இன்னமும் "சாரே, வெறும் வயிற்றில் குடிச்சா மதி" என்கிறார். எனக்குக் குழம்பில் பிடிக்கிறது, அது போதும்.

இனி கத்தி. 1950-களில் மினசோட்டாவில் தொடங்கியது குடல் பைபாஸ். சுமார் ஆறு மீட்டர் சிறுகுடலில் அரை மீட்டரைக் கூட விடாமல், மீதியைச் சுற்றுவழியாக ஒதுக்கிவிட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. பின்னாலேயே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரலே போனது. 1980 வாக்கில் கைவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ பேர் செய்துகொண்டிருந்தார்கள்.

அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் வேறொன்றைக் கவனித்தார். குடல்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்களுக்கு அப்புறம் எடை ஏறவே இல்லை. 1966-ல் இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைத்தார். இன்றைய கேஸ்ட்ரிக் பைபாஸுக்கு அதுதான் தாத்தா. இப்போது அதிகம் செய்கிற 'ஸ்லீவ்' இன்னும் தமாஷ். பெரிய ஆபரேஷனைத் தாங்க மாட்டாதவர்களுக்கு, முதல் தவணையாக இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். பலருக்கு அதிலேயே எடை இறங்கிவிட, இரண்டாம் தவணை தேவைப்படவில்லை. தவணையே முழுக்கடனாகிவிட்டது! ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வைக்க முடியாது.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது ஸ்வீடன் கணக்கில். 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும் செய்யாத 2,037 பேரையும் வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். முதல் 90 நாளில் ஆபரேஷன் பக்கம் ஐந்து பேர் இறந்தார்கள். 2020-ல் வெளியான கணக்குப்படி, செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அதே அறிக்கையின் இன்னொரு வரியை விளம்பரங்களில் நான் பார்த்ததில்லை: அப்படியும் ஊரிலுள்ள பொதுவானவர்களைவிட ஐந்தரை வருடம் குறைவு.

நம் நாட்டில் நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்ட பிறகுதான் ஆபீஸ் டீ நேரத்தில்கூட இந்தப் பேச்சு வந்தது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயதுப் பையன் ஒருவன் இதே ஆபரேஷனுக்காகச் சென்னை போய், உயிரை விட்டான். தமிழக அரசு விசாரணை வைத்தது. எங்கள் வீட்டில் அந்தச் செய்தியை யாரும் மறக்கவில்லை. அம்மா ஊரிலிருந்து போன் செய்து, "சோத்தக் கொறச்சா போதாதாப்பா?" என்கிறாள். ஸ்வீடனின் ஐந்து பேர் கால் சதவீதம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? எண்ணாகப் படிக்கும்போது சின்னதாக இருப்பது, அந்தப் பையனின் அம்மாவுக்கு நூறு சதவீதம்.

ஊசி வழியும் இருக்கிறது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவி மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது என்று 2022 ஆய்வு சொல்கிறது. ஆக, அது வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருக்கிற கடன். ஆபரேஷனிலும் பி12, இரும்பு, கால்சியம் என்று ஆயுசுக்கும் தவணை உண்டு. அசல் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் விதி 2019-லிருந்து தெளிவு: பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடுமையான நோய், மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். என் ஃபைல் அதில் உட்காருகிறது.

எனக்கு நெஞ்செரிச்சல் அதிகம். ஸ்லீவ் அதைக் கூட்டலாம் என்பதால் டாக்டர் பைபாஸ் பக்கம் சாய்கிறார். முக்கால் மனசு செய்துகொள்ளலாம் என்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. அவரிடம் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன் செய்தவர்கள் இப்போது எத்தனை கிலோ? ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு ஏதாவது ஆனால் அங்கே யார் இருப்பார்கள்? பதில் வரட்டும். வியாழக்கிழமை தூக்கப் பரிசோதனை. குறட்டையை மிஷினில் பதிவு செய்யப் போகிறார்களாம். மனைவி கூட வருகிறாள், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.