நாற்சார் வீட்டின் முன்புறமும் பின்புறமும்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளுக்கு அண்மைக் காலத்திலே ஒரு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் மக்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது கைவிடப்பட்டு, கதவும் நிலையும் கூரைமரமும் களவுபோய், சுவர் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேர்விட நின்ற வீடுகளிற் சில, போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் திருத்தப்பட்டு வருகின்றன. வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. தூண்கள் மெருகு பெறுகின்றன. சாய்மனைக் கதிரையும் பெட்டகமும் தேடி வாங்கப்பட்டு விறாந்தையில் வைக்கப்படுகின்றன. சில வீடுகள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகவும் மாறியுள்ளன. ஆட்டுக்கல் பூந்தோட்டத்தில் அழகுப் பொருளாகக் குந்தியிருக்கிறது. இந்த ஆர்வத்தை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆயின், எந்தப் பொருள் எந்த அறையில் இருக்க வேண்டும், எந்த மனிதர் எந்த எல்லைவரை வரலாம் என்ற கேள்விகளுக்கு அவ்வீடுகள் ஒரு காலத்தில் எவ்வாறு விடையளித்தன என்பதை அறியாது அவற்றை அலங்கரிப்பது, வரலாற்றின் மீது வெள்ளையடிப்பதாகவே முடியும்.

நாற்சார் வீடு எல்லாருடைய வீடுமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலமும், நிலத்தில் வேலைசெய்ய ஆட்களும் உடைய குடும்பங்களின் வீடு அது. குடாநாட்டின் உழைப்பாளிகளிற் பெரும்பாலோர் மண் சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட சிறு குடில்களிலேயே வாழ்ந்தனர். வசதியுள்ளோரின் பழைய வளவிலும் தொடக்கத்தில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் அமைந்திருக்கவில்லை. வீடு தனியாகவும், அடுக்களை தனியாகவும், ஆண்கள் கூடும் தலைவாசல் தனியாகவும் ஒரு முற்றத்தைச் சூழ நின்றன. வீடு எனப்பட்டதே ஏறக்குறைய ஓர் இருண்ட அறைதான். தானியமும் நகையும் உறுதிகளும் அதற்குள்ளே இருந்தன. இப்பிரிந்த கட்டடங்களைத் தாவாரங்களால் இணைத்து, நடுவில் வானம் பார்த்த முற்றத்தை விட்டு, நான்கு சார்களாக இறக்கிய அமைப்பே நாற்சார்.

கட்டடக் கலை என்ற அளவில் அது பாராட்டுக்குரியது. பங்குனி, சித்திரை வெயிலில் நடுமுற்றம் வெப்பக் காற்றை மேலே போகவிட்டு, சார்களின் தாழ்ந்த கூரை நிழலைத் தந்தது. மழைநீர் நடுமுற்றத்தில் விழுந்து வெளியே ஓடியது. சுண்ணாம்புக்கல்லும், அதனைச் சுட்ட சுண்ணாம்பும், வயிரமேறிய பனைமரமும் அந்த மண்ணின் பொருள்கள். இன்று சீமெந்துப் பெட்டிகளாகக் கட்டி மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக் கொண்டிருக்கும் நாம், அந்தக் கைவினைஞரிடம் கற்கவேண்டியவை பல உள. ஆனால் அவர்களுடைய அறிவைப் போற்றுகிற கட்டுரைகள், பனை தறித்தவரும் கல் உடைத்தவரும் சுண்ணாம்பு சுட்டவரும் குடிபுகுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் எங்கே நின்றார்கள் என்று கேட்பதில்லை.

அவர்கள் நின்ற இடத்தை வீட்டின் அமைப்பே சொல்லும். ஒழுங்கையிலிருந்து உள்ளே வருவோம். முதலில் கிடுகு வேலி. அதில் கூரை வேய்ந்த சங்கடப்படலை. அதனைக் கடந்தால் முன்முற்றம், பின்னர் திண்ணை, தலைவாசல், விறாந்தை, அதற்கப்பால் நடுமுற்றம், அதனைச் சுற்றி அறைகள், கடைசியில் அடுக்களையும் பின்கோடியும். படலையிலிருந்து அடுக்களை வரையுள்ள இந்த ஐம்பது அறுபது அடிக்குள்ளே யாழ்ப்பாணச் சமூகம் முழுவதும் படிப்படியாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சமமான சாதியான் விறாந்தையில் கதிரையில் இருந்தான். சற்றுக் குறைந்தவனாகக் கருதப்பட்டவனுக்கு வாங்கு. அதற்கும் கீழே எனப்பட்டவன் திண்ணையின் ஓரத்தில் அல்லது தரையில். பஞ்சமர் என ஒதுக்கப்பட்டவர்கள் முற்றத்து மண்ணில் நின்றே பேசவேண்டும். அதுவும் பல வீடுகளில் பின்படலையால் வந்து. கோவியர் அடுக்களை வரை செல்லலாம். ஏனெனில் அவர்களுடைய உழைப்பு அடுக்களையிலே தேவைப்பட்டது. தீட்டு என்ற கொள்கை வேலையின் தேவைக்கு இவ்வளவு கச்சிதமாக வளைந்து கொடுத்ததை அவதானிக்க வேண்டும். வீட்டுப் பூனைக்கு இவ்வெல்லைகள் எவையும் இருந்ததில்லை.

பாத்திரங்களும் இந்த வரிசையிலேயே அடுக்கப்பட்டன. இன்று கண்ணாடி அலுமாரிகளிற் காட்சிப் பொருளாக மின்னும் மூக்குப்பேணியை எடுத்துக்கொள்வோம். வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காகவே அதற்கு மூக்கு வைக்கப்பட்டது. வேலைப்பாடு அழகானதுதான். ஆனால் அந்த மூக்குப்பேணியும் ஒடுக்கப்பட்டவனின் கைக்குக் கிடைத்ததில்லை. அவனுக்குச் சிரட்டை, அல்லது ஓலையிற் கோலிய பிளா. குடித்து முடிந்ததும் எறிந்துவிடலாம்.

இந்த அடுக்குமுறைக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. ஒல்லாந்தரின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706-07இல் தேசவழமையைத் தொகுத்தபோது, பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. நிலத்தையும் மாட்டையும் போல மனிதரும் வீட்டின் உடைமைக் கணக்கில் இருந்தனர். 1844இல் பிரித்தானியர் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தனர். ஆனால் முற்றத்தில் நிற்பவனுக்கும் கதிரையில் இருப்பவனுக்கும் இடையேயுள்ள தூரம் அதனாற் குறைந்துவிடவில்லை.

கதிரை என்ற சொல்லிலேயே ஒரு வரலாறு உண்டு. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர். ஆனால் அவர்களுடைய தளபாடங்களின் பெயர்கள் வெளியேறவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி, விறாந்தை, குசினி என நம் வீட்டின் பாதிப் பெயர்கள் அவர்கள் வாய்வழி வந்தவை. மேசையின் லாச்சியும் பின்வளவின் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. தூய தமிழ் மரபு என்று இன்று பெருமை பேசப்படும் வீட்டுக்குள் தமிழ்ப் பெயரோடு எஞ்சி நிற்பவை திண்ணை, முற்றம், அடுக்களை, பாய், உறி முதலியன. இவற்றில் இருவர் சமமாகப் பாயில் அமரலாம். கதிரையோ ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்துவதற்கு மிக வசதியான கருவி. அந்நியனின் தளபாடத்தை உள்ளூர்ச் சாதியமைப்பு எவ்வளவு விரைவாகத் தன் தேவைக்குப் பழக்கிக்கொண்டது!

முன்னறையின் அலங்காரம் பெருகிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியுமாகும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த தட்டையோடுகள் மெல்ல மெல்ல இக்கரைக் கூரைகளிலும் ஏறி, பீலி ஓட்டையும் ஓலையையும் இறக்கின. 1894இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த இலட்சுமியும் சரஸ்வதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவர்களை அடைந்தனர். 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்தது. இதே காலத்தில் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாயினர். அவர்கள் அனுப்பிய பணமும், பின்னர் ஓய்வூதியத்தோடு திரும்பிய அவர்களும் முன்னறையின் முகத்தையே மாற்றினர். தேக்கு அலுமாரி, சுவர் மணிக்கூடு, பிரம்பு பின்னிய கதிரைகள், கோட்டும் தலைப்பாகையுமாக எடுத்த நிழற்படம், மன்னரின் படம் ஆகியன ஒவ்வொன்றாக வந்தன. உழுதுண்ட நிலத்தின் பெருமையோடு உத்தியோகத்தின் பெருமையும் சுவரில் தொங்கத் தொடங்கியது. 1927 நவம்பரில் வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தி யாழ்ப்பாணம் வந்து சென்ற பின்னர் சில வீடுகளில் அவர் படமும் ஏறிற்று. தீண்டாமையை எதிர்த்தவரின் படத்துக்கு நேர் எதிரே, முற்றத்தில், சிரட்டையில் தண்ணீர் வார்ப்பது நடந்துகொண்டே இருந்தது. அதனை முரண்பாடாக உணர்ந்தவர்கள் அந்த வாலிபர்களிற் சிலர். அவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இனிப் பின்புறத்துக்குச் செல்வோம். பின்புறம் பெண்களின் பக்கம். முன் விறாந்தைக்கு ஆண்கள் வந்தால் பெண் கதவு மறைவுக்குப் போனாள். புகைபோக்கி இல்லாத அடுக்களையில் கண் எரிய ஊதினாள். ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பிறகு எஞ்சியதை உண்டாள். மாதத்தில் சில நாட்கள் அவளும் தன் வீட்டிலேயே தாவாரத்து மூலைக்கு ஒதுக்கப்பட்டாள். அந்நாட்களில் அவளுக்கெனத் தனிப்பாயும் தனிப்பாத்திரமும் இருந்தன. முற்றத்தில் நின்றவனுக்கு ஆயுள் முழுவதும் விதிக்கப்பட்டது அவளுக்கு மாதந்தோறும் விதிக்கப்பட்டது எனலாம்; ஆயினும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது தவறு. ஒதுக்கப்பட்ட மூன்று நாட்களும் கழிந்ததும் அதே பெண், பின்படலையில் நின்ற கூலிப் பெண்ணுக்கு எட்ட நின்று தண்ணீர் வார்த்தாள்.

முன்னறையின் அழகும் பெரும்பாலும் பின்புறத்திலேதான் உற்பத்தியாயிற்று. 1824இல் அமெரிக்க மிஷனார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்திலிருந்து எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பூவேலை செய்த மேசைத் துணியும் தலையணை உறையும் படித்த மணமகளின் அடையாளங்களாயின. முன்னறை மேசையில் விரித்த துணி அவள் கைவேலை. அந்த மேசையருகே விருந்தினர் முன்னிலையில் அவள் அமர்வதில்லை.

இதிலே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. அந்த வீடு பெரும்பாலும் அவளுடையதே. தேசவழமையின்படி சீதனம் மகளுக்குச் செல்வது. பல குடும்பங்களில் வீடே சீதனமாக எழுதப்பட்டு, மணமகன் வந்து மனைவியின் வீட்டில் குடியிருந்தான். உறுதியில் அவள் பெயர். சாய்மனைக் கதிரையில் அவன் உடல். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுடைய தனிச்சொத்து என ஏற்றது. ஆனால் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி வீட்டையோ நிலத்தையோ அவள் கைமாற்ற முடியாது என்றும் விதித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த விதி நிலைத்தது. உடைமை இருந்தும் அதிகாரம் இல்லாமை எவ்வாறு சாத்தியம் என்று பொருளியல் மாணவர் கேட்டால், நாற்சார் வீட்டின் அறை ஒழுங்கைக் காட்டலாம்.

சமூகம் தானாக மாறிவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், கடை, பாடசாலை, பொதுக்கிணறு ஆகியவற்றில் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஏட்டில் கிடந்த அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் இரத்தம் சிந்தி நடத்தப்பட்ட போராட்டங்களுமாகும். சிரட்டையும் போத்தலும் கடைகளிலிருந்து ஒழிந்தன. ஆனால் எந்தச் சட்டமும் தனியார் வீட்டின் படலைக்குள் நுழைவதில்லை. எவரைக் கதிரையில் இருத்துவது, எவருக்கு எந்தக் கோப்பையில் தேநீர் கொடுப்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம் என்றே விடப்பட்டது. கடையில் ஒரே வாங்கில் இருந்து தேநீர் குடித்த இருவர், மாலையில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனபோது மீண்டும் கதிரையும் முற்றமுமாகப் பிரிந்தனர்.

போர் பல வீடுகளின் சுவர்களை இடித்தது. சிலகாலம் இந்த எல்லைகளையும் குழப்பியது. பாடசாலை மண்டபத்தில் அருகருகே பாய் விரித்தவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் ஊர் திரும்பும் காலம் வந்தபோது உறுதி உள்ளவர் உறுதியோடு திரும்பினர். வலிகாமத்து நலன்புரி முகாம்களில் பல பத்தாண்டுகள் தங்கிவிட்டவர்களிற் பலர், முன்னரும் பிறர் காணியிற் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்தினர். திரும்பிப் போவதற்கு அவர்களுக்கு வளவு இல்லை.

ஆகவே இன்று பழைய வீட்டைத் திருத்துவோர் முன்னே சில தெரிவுகள் உள்ளன. நடுமுற்றத்தைக் காங்கிரீட்டால் மூடாது விடுவது நல்லது. அதன் காற்றும் வெளிச்சமும் எவருக்கும் பகையல்ல. அடுக்களையைப் புகையும் இருளுமான மூலையிலிருந்து காற்றோட்டமுள்ள பக்கத்துக்குக் கொண்டுவரலாம். அங்கே ஆண்பிள்ளையும் நிற்பதற்கு இடம் வைக்கலாம். முன்னறையின் பெரிய மேசையை ஊர்ப் பிள்ளைகள் மாலையில் வந்து படிப்பதற்கு விடலாம். படலையில் சாதி கேட்காமல் விட்டால் வருவார்கள். மூக்குப்பேணியை அலுமாரியில் வைப்பவர்கள் அதன் பக்கத்திலே ஒரு சிரட்டையையும் வைக்கட்டும். பின்படலையைப் பல வீடுகளில் இப்போது கல்லால் அடைத்துவிட்டார்கள். தோட்ட வேலைக்கும் கிணறு இறைக்கவும் வருகிற முதியவர்களிற் சிலர் இன்னும் அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து, சுவரைக் கண்ட பிறகே முன்னால் வருகிறார்கள்.