பலூனுக்கு வாய் முளைத்த கதை

அறுப்புக்கு நாள் குறிக்கிற சமயத்தில் ரேடியோவில் வானிலை அறிக்கை எப்போது வரும் என்று காது கொடுத்துக் காத்திருக்கிறீர்கள். அந்த அறிக்கைக்குத் துணை நிற்கிறவைகளில் ஒன்று ஒரு ரப்பர் பலூன் என்றால் சிலர் சிரிப்பீர்கள். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலைத் துறையார் அதை விடுகிறார்கள். தரையில் கடற்காற்று வீசும்போதே ரெண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேல்காற்று ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கே ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேச முடியாது. சரி, மேலே போன பலூன் கீழே இருக்கிறவனுக்கு எப்படிச் சேதி சொல்லும்? இன்றைக்கு அந்தச் சரித்திரத்தைப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டில் பாரிசுக்குப் பக்கத்தில் திராப் என்று ஓர் ஊர். அங்கே 1896-இல் தெசரன் த போர் என்பவர் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு வானிலை ஆய்வுக்கூடம் கட்டினார். பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி விடுவார். கருவிக்குள் கடிகாரச் சக்கரம் சுழலும். ஒரு முள் புகைக்கரி பூசிய தாளில் சூட்டையும் காற்றழுத்தத்தையும் கோடாக இழுக்கும். அந்தக் கோடு யாருக்குத் தெரியும்? கருவி எங்கேயோ ஒரு வயலில் வந்து விழவேண்டும்; அதை யாராவது கண்டெடுக்கவேண்டும். கொண்டுவந்து கொடுப்பவருக்குச் சன்மானம் உண்டு என்று சீட்டு எழுதிக் கட்டி விடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆகாய சாஸ்திரம் பாதி பண்டிதர் கையிலும் பாதி வயலில் நின்றவர் கையிலும் இருந்தது என்றே நான் சொல்வேன்.

மேலே போகப் போகக் குளிர் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேலே குளிர் ஏறாமல் நின்றுவிட்டது என்று அவர் கருவி காட்டியது. வெயில் பட்டுக் கருவி பொய் சொல்கிறதோ என்று அவருக்கே சந்தேகம். ராத்திரியில் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே கணக்கு. இருநூறு பலூனுக்கு மேல் விட்ட பிறகுதான், 1902-இல், வாயைத் திறந்தார். நம் தலைக்கு மேலே இரண்டு தட்டாக ஆகாயம் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

நம் நாட்டிலும் ஆக்ராவிலிருந்து இப்படிப் பலூன் விட்டார்கள். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் அந்தக் கணக்குகளையும் பிற நாட்டுக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அந்த எல்லை 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிரும் அங்கேதான் அதிகம் என்று 1929-இல் எழுதினார்.

ஆனால் ஒன்று. கருவி கைக்கு வர நாள் கணக்காகும். காட்டிலோ கடலிலோ விழுந்தால் வராமலே போகும். நாளைக்கு மழை உண்டா என்று கேட்கிறவனுக்குப் போன வாரத்துக் கணக்கு எதற்கு?

அதே திராப் ஊரிலிருந்து 1929 ஜனவரியில் ராபர்ட் பியூரோ என்பவர் கருவியோடு ஒரு சின்ன ரேடியோவையும் கட்டி அனுப்பினார். ஏறும்போதே அது தந்தி அடிப்பதுபோலச் சேதி அனுப்பியது. மறுவருஷம் ஜனவரியில் ரஷ்யாவில் மோல்ச்சனோவ் என்பவரும் தம்முடைய கருவியை அனுப்பினார். பலூனுக்கு வாய் முளைத்துவிட்டது! இன்றைய பலூன் நிமிஷத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறுகிறது. மேலே அழுத்தம் குறையக் குறைய உப்பி, 30 கிலோமீட்டர் வாக்கில் வெடிக்கிறது.

வாய் முளைத்த பிறகு சர்க்காருக்கு மட்டும்தானா பலூன்? ஹாம் வானொலிக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஆசைக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். அவர்களும் பலூன் விடுகிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 1987-இல் ஒரு ஹாம் அன்பர் விட்ட பலூன் மேலிருந்து டெலிவிஷன் படமே அனுப்பியது.

அதை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? காணாமல் போன மாட்டின் மணிச்சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். இந்த வரப்பில் நிற்பவன் சத்தம் வரும் திசையைக் கை காட்டுகிறான். அந்த வரப்பில் நிற்பவனும் காட்டுகிறான். ரெண்டு கையின் நேரும் கூடுகிற இடத்தில் மாடு. ஹாம்காரர்கள் ஏரியலைத் திருப்பித் திருப்பி இதைத்தான் செய்தார்கள். இப்போது செயற்கைக்கோளைக் கேட்டுப் பலூனே தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

சில கிராம் எடையுள்ள ரேடியோவைக் கட்டி, வெடிக்காமல் மாதக்கணக்கில் மிதக்கிற பலூனும் விடுகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஹாம்காரர்கள் விட்ட ஒன்று 120 நாளுக்கு மேல் மிதந்து, 2023 பிப்ரவரியில் அலாஸ்கா பக்கம் கடைசிச் சேதி சொல்லி மறைந்தது. அதே சமயத்தில் கனடா நாட்டு யூக்கான் பகுதியில் போர் விமானம் ஏதோ ஒரு பொருளைச் சுட்டு வீழ்த்தியது. அது இந்தப் பலூனாக இருக்கலாம் என்று பேச்சு, உறுதியாகவில்லை.

உங்கள் வயலில் கிழிந்த ரப்பர், நூல், அதன் முனையில் ஒரு சின்னப் பெட்டி கிடந்தால் வெடிகுண்டோ என்று அலற வேண்டாம். பெட்டியின்மேல் சீட்டு இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் உடைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். உள்ளே பேட்டரி இருக்கும், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ரப்பரையும் நூலையும் மாடு மேயும்முன் எடுத்துவிடுங்கள்.