மார்கழிக்கு முகூர்த்தம் இல்லை

மதுராந்தகத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். தை பிறக்கும்வரை கல்யாண ஆர்டர் வராது. மார்கழி முழுக்க பாஸ்போர்ட் சைஸ் படம்தான் சோறு போடும். பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி நிரம்பி, நீர்க்கடம்பு மரங்களில் இடம் பிடிக்கப் பறவைகள் அடித்துக்கொள்வதும் அதே மாதத்தில்தான். கடையில் வேலையில்லாதவன் ஏரிக்கரைக்குப் போனான். நான் பறவைப் படக்காரன் ஆன கதை இவ்வளவுதான். இயற்கை ஆர்வம் என்பதெல்லாம் பிறகு வந்தது.

பறவைப் படத்தின் பழைய வரலாற்றைப் புரட்டினால், ஆரம்பத்தில் அது பறவைப் படமே இல்லை, கூட்டுப் படம். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் எடுத்தது முட்டையோடு இருந்த ஒரு கூட்டை. 1895-இல் ஆர். பி. லாட்ஜ் எடுத்தது அடைகாத்துக்கொண்டிருந்த ஓர் ஆள்காட்டியை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், பறவையும் ஆடாமல் இருக்க வேண்டும். எங்கே போனாலும் அது திரும்பி வந்து உட்காரும் இடம் கூடுதான். அதனால் கேமராவைக் கூட்டருகே கொண்டுபோய் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டார்கள். கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, உள்ளே சட்டம் கொடுத்து நிறுத்தி, அந்தப் பொய் மாட்டின் வயிற்றுக்குள் கேமராவோடு நின்றிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவர்கள் ஊர்ப் பறவைக்குக் கூடு கிடையாது. எங்கே வந்து உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

டெலிஃபோட்டோ லென்ஸ் அப்போதே வந்துவிட்டது. 1891-இல் லண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தேயும் தனித்தனியாக அதைச் செய்தார்கள். ஆனால் அது தூரத்தைக் கிட்டே இழுத்த அளவுக்கு வெளிச்சத்தையும் விழுங்கியது. மலைக்கும் கோபுரத்துக்கும் சரி, சிறகடிக்கிற ஜீவனுக்கு உதவாது. ஃபிலிம் வேகமாகும்வரை மறைவிடமும் கூடும்தான் வழி. நம் நாட்டில் ரயில்வே அதிகாரி இ. எச். என். லோதர் 1949-இல் வெளியிட்ட பறவைப் படப் புத்தகமும் அந்த வழியில் வந்ததுதான்.

வேடந்தாங்கலில் கணக்கே வேறு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரி அது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறினால்தான் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் கூடு வைக்கும். ஊசிவால் வாத்தும் கிளுவையும் வடக்கிலிருந்து வந்து நடுத் தண்ணீரில் மிதக்கும். அதாவது நம் குளிர்காலம்தான் இங்கே கூட்டுக் காலம். ஆனால் கூட்டருகே யாரையும் ஊர் விடாது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும் என்பது அவர்கள் அனுபவம். பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் வேட்டை கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல்.

துப்பாக்கிக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. 1882-இல் பிரான்சுக்காரர் மாரே, பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆராய, துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமரா செய்தார். விசையை இழுத்தால் ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு படம். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் தோள்கட்டையும் விசையும் வைத்த ‘ஃபோட்டோஸ்னைப்பர்’ ஒன்றைத் தங்கள் ராணுவத்துக்காகச் செய்தார்கள். அந்த வம்சத்தில் பின்னால் வந்த ஸெனிட் ஒன்றை, 300 மி.மீ. டாயிர் லென்ஸோடு, மெட்ராஸில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதைத் தோளில் சாத்திக்கொண்டு கரையில் நின்ற முதல் நாளே ஒரு பெரியவர் வேகமாக வந்தார்.

“தம்பி, எறக்கு அத. இங்க சுடக் கூடாது.”

“படம் எடுக்கறதுங்க, ஐயா.”

“எதுவா இருந்தாலும் எறக்கு. கலெக்டரே இங்க சுடக் கூடாது.”

லென்ஸ் வழியாக அவரைப் பார்க்க வைத்த பிறகுதான் சமாதானமானார். வெகுநேரம் கருவியைத் திருப்பித் தரவில்லை.

300 மி.மீ. அங்கே போதாது. டப்ளர் போட்டால் 600 ஆகும், வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ஃபிலிம்தான் கட்டுப்படி. ஷட்டரைக் குறைத்தால் கை ஆட்டம் படத்தில் தெரியும். மணல் பையை மதில்மேல் வைத்து அதில் லென்ஸைப் பதித்துக்கொள்வேன். வெயில் ஏறினால் தண்ணீர்மேல் கானல் ஆடும், எந்த லென்ஸாக இருந்தாலும் இறகு கரைந்துவிடும். ஒன்பது மணிக்குமேல் கடையைத் திறக்கப் போய்விடுவதே புத்திசாலித்தனம். ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. பட்டு வேட்டியில் மடிப்பு தெரிய வேண்டும் என்பது கல்யாணப் படத்தின் பாலபாடம். கொக்கின் வெள்ளைக்கும் அதே அளவுதான். பக்கத்துக் கிளை நீர்க்காகம் கருத்துப்போனால் போகட்டும்.

இந்த ஏரியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை விட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1996-இல் மறையும்வரை கறுப்பு-வெள்ளையை விடாதவர். ஒரு கம்பெனி கேமராவையும் இன்னொரு கம்பெனி லென்ஸையும் தானே பொருத்தி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கடையில் விற்கும் பெட்டியை நம்பி இருந்த என்னைப் போன்றவர்களுக்கு அவர் படங்கள் நல்ல அடி. வேடந்தாங்கல் நீர்ப்பறவைகளைப் பற்றி அவர் எழுதியதை, கேமரா வாங்கும் முன் படிப்பது நல்லது.

ஆட்டோ ஃபோகஸ், டிஜிட்டல் எல்லாம் தெரிந்த கதை. 2013-க்குப் பிறகு வந்த 150-600 ஜூம் லென்ஸ்கள்தான் உண்மையில் கரையை நிரப்பின. முன்பு பணக்காரர் கையில் மட்டும் இருந்த நீளம் சம்பளக்காரர் தோளிலும் ஏறியது. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு: 600 கையில் இருந்தும் இன்னும் கிட்டே போகத் துடிக்கிறார்கள். தூர நின்று பார் என்பது இந்த ஊர் போட்ட விதி, லென்ஸ் அதற்குப் பிறகு வந்த வசதி. விதியை மறந்துவிட்டு வசதியைக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பறக்கிற படம் வேண்டும் என்று கை தட்டாதீர்கள், கல்லெடுக்காதீர்கள். குஞ்சை விட்டுத் தாய் எழும்பினால் காக்கை காத்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரைக்கு வந்து நில்லுங்கள். பகலெல்லாம் இரை தேடிய கூட்டம் திரும்பும், வக்கா வேலைக்குக் கிளம்பும். பறக்கிற படம் தானாகக் கிடைக்கும்.