இவாமோட்டோ கோ மையங்கள்

ஜப்பானிய மரபுப் பலகை ஆட்டமான 'கோ'வை அயல்நாடுகளில் பரப்புவதற்கென, தொழில்முறை ஆட்டக்காரர் இவாமோட்டோ கவோரு (1902–1999) தந்த கொடையால் எழுந்த மன்றங்கள். பிரேசிலில் சாவோ பாவுலோ (1989), நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வீன் (1992), அமெரிக்காவில் நியூயார்க், சியாட்டில் (இரண்டும் 1995) ஆகிய ஊர்களில் இவை நிறுவப்பட்டன. ஜப்பானியக் கோ ஆட்டத்தின் தலைமை அமைப்பான நிஹோன் கீயின் (தொடக்கம் 1924) வழியாகக் கொடை செலவிடப்பட்டது. மன்றங்களை அன்றாடம் நடத்தியவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள்.

ஆட்டமும் மன்றத்தின் தேவையும்

கோ சீனத்தில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த ஆட்டம். நெடுக்கும் குறுக்குமாக 19 கோடுகள். அவை சந்திக்கும் புள்ளிகள் 361. இருவர் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி இப்புள்ளிகளில் வைப்பர். வைத்த காய் நகராது. ஆடுபுலி ஆட்டத்தில் புலியை அடைப்பதுபோல, எதிரியின் காயை நாற்புறமும் அடைத்தால் அது வெட்டுப்பட்டு நீங்கும். வெட்டுவதைவிட, தன் காய்களால் வளைத்துப் பிடிக்கும் இடத்தின் பரப்பே வெற்றியைத் தீர்மானிக்கும்.

விதிகளைக் கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நல்ல ஆட்டம் எது என்பதைப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் கற்பது கடினம். எதிரே ஒருவர் உட்கார வேண்டும். ஆடி முடித்ததும் அதே ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி வைத்துக்காட்டி, தவறிய இடத்தைச் சுட்ட வேண்டும். ஜப்பானில் இது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. வலுக்குறைந்தவர் தொடங்கும் முன்பே இரண்டு முதல் ஒன்பது கறுப்புக் காய்களைப் பலகையில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் உண்டு. இதனால் நேற்றுச் சேர்ந்த மாணவரும் இருபது ஆண்டு ஆடியவரும் ஒரே பலகையில் மெய்யாகவே மோத முடிகிறது. சதுரங்க மன்றத்தில் தேர்ந்தவர் தேர்ந்தவரையே தேடுவார். கோ மன்றத்தில் அந்தப் பிரிவு அவ்வளவு கடுமையாக விழுவதில்லை. மன்றமாகக் கூடி ஆடுவதற்கு இசைந்த பலகை ஆட்டம் இது.

ஐரோப்பியருக்கு இந்த ஆட்டத்தை விரிவாக அறிமுகம் செய்தவர் ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய வேதியியலாளர் ஆஸ்கர் கோர்ஷெல்ட். 1880-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வே முதல் திருத்தமான நூல்வழி அறிமுகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் சதுரங்கக்காரர் சிலர் இதில் ஈடுபட்டனர். அவர்களுள் ஒருவரான எட்வர்ட் லாஸ்கர் பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். 1935-இல் நியூயார்க்கில் அமெரிக்க கோ கழகம் தோன்றியதில் அவருக்கும் பங்குண்டு. இவ்வகைக் குழுக்கள் உணவகங்களிலும் உறுப்பினர் வீடுகளிலும் கூடின. ஊக்கமுள்ள ஒருவர் ஊர் மாறினால் குழு கலைந்துவிடும். கதவைத் தள்ளிக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடிய நிலையான இடம் இல்லாததே குறை.

இவாமோட்டோ கவோரு

ஷிமானே மாநிலத்தில் பிறந்தவர். இளமையின் ஒரு பகுதி கொரியாவில் கழிந்தது. டோக்கியோவில் ஹிரோசே ஹெய்ஜிரோவிடம் பயின்று 1917-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். பெயர் வளர்ந்துகொண்டிருந்த 1929-இல் ஆட்டத்தை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டம் போடப் பிரேசிலுக்குப் புறப்பட்டார். 1908 முதலே ஜப்பானிய உழவர் குடும்பங்கள் அங்கே குடியேறிவந்தன. ஆனால் அவர் போன ஆண்டிலேயே உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. 1931-இல் நாடு திரும்பி மீண்டும் பலகை முன் அமர்ந்தார். பின்னாளில் அவர் நிதியால் அமைந்த நான்கு மையங்களுள் முதலாவது இதே பிரேசிலின் சாவோ பாவுலோவில் அமைந்தது.

1945-இல் ஜப்பானியக் கோவின் பெரும் பட்டங்களுள் ஒன்றான ஹொனின்போவுக்காக, அப்போது அதை வைத்திருந்த ஹாஷிமோட்டோ உட்டாரோவுடன் மோதினார். டோக்கியோவில் குண்டுவீச்சு, நிஹோன் கீயினின் கட்டிடமே அவ்வாண்டு மே மாதம் எரிந்து போனது. ஆகவே போட்டி ஹிரோஷிமாவில் தொடங்கியது. நகருக்குள் ஆடுவது ஆபத்து என்று காவல் துறை தடுத்ததால், இரண்டாம் ஆட்டம் மேற்கே உள்ள இட்சுகாய்ச்சிக்கு மாற்றப்பட்டது. ஆகஸ்ட் 4-இல் தொடங்கிய அவ்வாட்டத்தின் மூன்றாம் நாள் ஆகஸ்ட் 6. முந்தைய நாள் வரை வைத்த காய்களைப் பலகையில் மீண்டும் அடுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடரும் வேளையில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தது. ஒளி வெட்டியது; பிறகு அதிர்வு. சன்னல்கள் நொறுங்கின, காய்கள் சிதறின. அறையை ஒழுங்குசெய்து, காய்களை முன்போலவே வைத்து, அன்றே ஆடி முடித்தனர். வெள்ளைக் காய் ஆடிய ஹாஷிமோட்டோ 5 புள்ளிகளில் வென்றார். நகருக்குள்ளேயே ஆடியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பது அரிது.

போர் முடிந்தபின் தொடர்ந்த அப்போட்டி சமநிலையில் நின்றது. 1946-இல் நடந்த முடிவாட்டத்தில் வென்று இவாமோட்டோ பட்டம் பெற்றார். அடுத்த முறை கிடானி மினோருவை வென்று அதைக் காத்தார். 1950-இல் ஹாஷிமோட்டோவிடமே இழந்தார். எரிந்த தலைமையகத்துக்கு மாற்றாகத் தம் வீட்டையே அலுவலகமாக்கித் தந்ததும் இக்காலத்தில்தான். 1967-இல் மிக உயர்ந்த படியான ஒன்பதாம் டான் அடைந்து, 1983-இல் ஓய்வு பெற்றார்.

ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்ற அவருடைய உறுதி இட்சுகாய்ச்சியில் பிழைத்த அந்த நாளில் வேர்கொண்டது என்று கருத இடமுண்டு. அவர் பல நாடுகளில் தங்கிக் கற்பித்தார். தொடக்கநிலையினருக்கான அவரது நூல் 1970-களில் ஆங்கிலத்தில் வெளிவந்து மேலைநாடுகளில் பல தலைமுறைக்கு முதல் பாடநூலாக விளங்கியது. லண்டனில் 1970-களில் அவர் ஆதரவுடன் ஒரு மையம் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர், டோக்கியோவில் தாம் நடத்திவந்த கோ கூடத்தை விற்றுக் கிடைத்த 50 கோடி யென்னுக்கும் மேற்பட்ட தொகையை அப்படியே இப்பணிக்கு ஒப்படைத்தார். முதுமையில் தம் கூடத்தையே விற்று அயலார் ஆடுவதற்கு இடம் அமைத்தவர் அவர். 

மையங்களின் பணி

ஒவ்வொரு மையத்திலும் பலகைகள், நூல்கள், கற்பிப்போர், வாரந்தோறும் ஆட்ட நாட்கள் என இருந்தன. புதியவர்களை 9 கோட்டுச் சிறு பலகையில், ஒரு காயை முதலில் வெட்டியவருக்கே வெற்றி என்ற எளிய வடிவில் தொடங்கவைப்பது பரவலான முறை. ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் யாசுதா யாசுதோஷி பள்ளிகளில் பரப்பிய முறை இது. ஜப்பானிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவர் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிக்காட்டும் நாட்களில் கூட்டம் நிரம்பியது. 2000-க்குப் பின் 'ஹிகாரு நோ கோ' படக்கதையும் அதன் அசைபடமும் சிறுவர்களைத் திரளாக மன்றங்களுக்கு அழைத்து வந்தன. அதுவரை பெரியவர்களின் பொழுதுபோக்காக இருந்த இடங்களில் குழந்தைகளுக்கு வகுப்பு தேவைப்பட்டது. கொரிய, சீனக் குடும்பத்தினரும் இம்மையங்களுக்கு வந்தனர். எனினும் கற்பிக்கும் மரபும் கலைச்சொற்களும் ஜப்பானியமாகவே நீடித்தன.

இன்றைய நிலை

இணையவழி ஆட்டம் பெருகியபின் மன்றங்களுக்கு நேரில் வருவோர் குறைந்தனர். நியூயார்க் மையத்தின் கட்டிடம் விற்கப்பட்டது. சியாட்டில் கட்டிடத்தை விற்பது குறித்து நிஹோன் கீயினுக்கும் அங்குள்ள ஆட்டக்காரர்களுக்கும் இடையே பிணக்கு எழுந்தது.