முன்பணம் வாங்கியவள்

துன்பத்தைச் சொல்லும் தமிழ்க் கதைகளில் நான் முதலில் தேடுவது கணக்கைத்தான். யார் யாருக்கு முன்பணம் கொடுத்தார்கள், அது எப்போது அடைந்தது, அடையாமல் போனால் யார் தலையில் விழுந்தது என்று பார்ப்பேன். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். காய் பறிக்கும் முன்பே கைநீட்டி வாங்கிய பணம் ஒரு மனுஷனை எத்தனை வருஷம் கட்டிப்போடும் என்பதைப் பேரேட்டில் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு படித்தபோதுதான் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

1935-ல் மணிக்கொடியில் வந்த கதை. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியில் தொடங்குகிறது. அந்த ஊர்ச் சேரிப் பெண் மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே வெள்ளைக்காரத் துரையின் கையில் சிக்குகிறாள், நோய் வாங்குகிறாள், வெள்ளைச்சி என்று ஒரு மகளைப் பெறுகிறாள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பற்றிப் பாரதி பாடியிருக்கிறார் அல்லவா, அந்தப் பாட்டில் வரும் சொல்தான் கதைக்குத் தலைப்பு.     

வாசவன்பட்டிகளிலிருந்து ஜனம் ஏன் கிளம்பியது என்பதற்குப் பஞ்சத்தைச் சொல்வார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் உண்மைதான். ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து இலங்கைத் துரைமார்கள் தேயிலைக்கு மாறியபோது, வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ள ஆள் தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாக வேண்டியிருந்தது. அந்த ஆளைப் பிடித்துத் தந்தவன் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சில வேளை சொந்தக்காரனே. கையில் தோட்டத்து முன்பணத்தோடு வருவான். ஊரில் இருக்கிற பழைய கடனைத் தீர்த்துவிடுவான். ரயில் கட்டணம், வழிச்சாப்பாடு, மலைக்குளிருக்குக் கம்பளி எல்லாவற்றுக்கும் அவன்தான் காசு கொடுப்பான். தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை முகாமிலோ மண்டபம் முகாமிலோ அடைத்துவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகு அக்கரை அனுப்புவார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் போய்க் காலை நீட்டும் முன்பே அத்தனையும் தொழிலாளி பேரில் பற்று எழுதியாகிவிடும்.

இதில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பழைய துரை துண்டு எழுதித் தருவார். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் அப்படியே கூட வரும். எங்கள் கடையில் சரக்கு கை மாறும்போது போடுகிற சீட்டுக்கும் அதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. 1921-ல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கங்காணி ஒழியவில்லை.

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் காசநோயில் இறந்தார். மருதியின் சனத்தை இலங்கை கைகழுவிய வருஷமும் அதுதான். அந்த ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. 1974-ல் அந்த மீதியைப் பாதிப்பாதியாக வெட்டினார்கள். தோட்டத்தில் ஒருத்தரைக் கூடக் கேட்டுச் செய்ததில்லை.

அந்த 5,25,000-ல் எங்கள் அத்தை ஒருத்தி. அவளுடைய குடும்பக் கார்டை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்தது, மடிப்பில் கிழிந்து துணி ஒட்டியிருந்தது, குடும்பத்தினர் பெயருக்கு நேரே வயது. அங்கே அவளைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்தால் தெருக்குழாயில் சிலோன்காரி. புளியங்குடியில் எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். எந்த வயலிலும் அவளுக்கு வேலை ஓடவில்லை, அவளுக்குத் தெரிந்தது கொழுந்து மட்டும். கடைசியில் செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், புனலூரில் தாயகம் திரும்பியோருக்காக 1976-ல் தொடங்கிய ரப்பர் தோட்டக் கம்பெனியில் வேலை கிடைத்தது. திரும்பவும் ஒரு தோட்டம், திரும்பவும் விடிகாலையில் பேர் கொடுக்க நிற்பது.

‘துன்பக்கேணி’யை அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“மருமவனே, இதை எழுதுனவரு தோட்டத்துல இருந்தவரா?”

“இல்லத்தே, திருநவேலிக்காரரு. பத்திரிகையில வேலை பாத்தவரு.”

“அப்ப எவளோ திரும்பி வந்து சொல்லியிருக்கா. சொன்னவளுக்குக் கஞ்சி ஊத்துனாங்களான்னு கேளு.”

அந்நியமாதல் என்று இலக்கியக் கூட்டங்களில் பேசும்போது உடனே பாரிசைச் சொல்கிறார்கள். காம்யுவின் ‘அந்நியன்’ 1942-ல் வந்த பெரிய நாவல், எனக்கும் பிடித்தது. அதன் நாயகனுக்கு ஊரும் சட்டமும் அர்த்தமற்றுப் போகின்றன. எங்கள் அத்தைக்கு ஊரும் சட்டமும் மிகவும் அர்த்தமுள்ளவை, இரண்டும் அவளைத்தான் வெளியே தள்ளின. அந்த நாவலுக்கு ஏழு வருஷம் முன்பே ‘துன்பக்கேணி’யாகத் தமிழில் வந்துவிட்ட அந்த அந்நியத்தைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

‘துன்பக்கேணி’ சொன்ன முன்பணக் கணக்கை இன்னொருவரும் எழுதியிருக்கிறார். பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். தான் வைத்தியம் பார்த்தவர்கள் வாயால் கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-ல் வெளியானது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அதுதான் அடிப்படை. அதிலும் திருநெல்வேலிச் சீமைதான். மயிலோடை என்ற ஊரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். அவர்களைப் பிடித்துவைக்கப் பூட்டு தேவைப்படவில்லை, பற்றுவரவு நோட்டே போதுமாக இருந்தது. கதையாக என்னை அதிகம் உலுக்கியது புதுமைப்பித்தன். கூலி எப்படிக் கரைகிறது, காய்ச்சலில் கிடக்கும் நாள் எப்படிக் கடனாகிறது என்பதை விளங்கவைத்தவர் டேனியல்.

2014-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ‘துன்பக்கேணி’யையும் புதுமைப்பித்தனின் இன்னொரு கதையான ‘பொன்னகர’த்தையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்பது புகார். அந்தக் கோபத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். வாசவன்பட்டிச் சேரி போன்ற ஒரு தெருவில் பிறந்தவன் நான். எங்களைச் சொல்லும்போது அந்தக் கதை பேசுகிற தொனி சில இடங்களில் எனக்கும் சுடுகிறது. வேளாளர் தெருவிலிருந்து எட்டிப் பார்த்த பார்வை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கங்காணி, துரை, முகாம், நோய் என்று எங்கள் பாட்டிமார்களுக்கு நடந்ததை அந்தக் காலத்திலேயே அச்சில் ஏற்றிய கதை அது. அதை வகுப்பிலேயே வைத்துச் சண்டை போட்டிருக்கலாம். பக்கத்தில் டேனியலையும் வைத்து, யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கவிட்டிருக்கலாம். மருதியின் ஊர்ப் பிள்ளைகள் இன்று கல்லூரி பெஞ்சில் இருக்கிறார்கள், கேட்கத் தெரிந்தவர்கள்.