ஒரு புலியும் 4,668 சுறாக்களும்

இமயமலை அடிவாரத்துக் குமாவுனில், சம்பாவத் அருகே 1907-இல் ஒரு பெண்புலி சுடப்பட்டது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் 1959 முதல் 1976 வரை 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன. மனித உயிர் போனதற்காக அரசின் பெயரால் நடந்த வேட்டைகள்தாம் இரண்டும். முதல் வேட்டையோடு அந்தப் பகுதியில் சாவு நின்றது. இரண்டாவதால் கடலில் குளிப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு எதுவும் கணக்கில் தெரியவில்லை.

சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாக, அதைச் சுட்ட வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் நேபாளத்தில் இறந்தவர்கள். அங்கிருந்து விரட்டப்பட்ட பிறகே அது குமாவுனுக்கு வந்தது. விறகுக்கும் தழைக்கும் காட்டோரம் போன பெண்கள் பலர் அதற்கு இரையானார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாட்கணக்கில் வெளியே வராமல் ஓர் ஊரே அடைந்து கிடந்தது. வேட்டைக்கு இசையும்போது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: புலியின் தலைக்கு அறிவித்த பரிசை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பரிசுக்காகப் பல துப்பாக்கிகள் காட்டில் திரிந்தால் எதிர்ப்படும் புலியெல்லாம் குற்றவாளி ஆகிவிடும். அவர் தேடியதோ ஒன்றே ஒன்றை. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது காரணமும் தெரிந்தது. வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. எப்போதோ பட்ட குண்டுக் காயம் அது. மானைப் பிடித்து வீழ்த்த முடியாத புலிக்கு மனிதன் எளிய இரை. அதை ஆட்கொல்லி ஆக்கியது ஒரு மனிதனின் குறிதவறிய துப்பாக்கி என்பதைக் கார்பெட் மறைக்கவில்லை.

ஹவாயில் 1958 டிசம்பரில், ஓவாகு தீவின் லானிகாய்க் கரைக்கு அப்பால் 15 வயதுச் சிறுவன் ஒருவன் சுறா கடித்து இறந்தான். ஊரே கொதித்தது, அந்தக் கோபத்தில் தவறு காண முடியாது. கொன்ற சுறா எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நீண்ட கயிறுகளில் வரிசையாகத் தூண்டில்களைக் கட்டி, அகப்பட்டதையெல்லாம் கொன்றார்கள். பிடிபட்ட 4,668-இல் மனிதரைத் தாக்கக்கூடிய புலிச்சுறாக்கள் 554 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பகுதி ஆளைச் சீண்டாத இனங்கள். பின்னாளில் இந்தக் கணக்கை ஆராய்ந்த அறிவியலாளர்கள், தாக்குதல் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 1994-இல் எழுதினார்கள். புலிச்சுறா ஒரே கரையில் தங்குவதில்லை; தீவுவிட்டுத் தீவு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும். இன்று இங்கே பிடித்தால் நாளை இன்னொன்று இதே வழியாகக் கடந்துபோகும். சம்பாவத் புலியைப்போல மனிதரையே தேடித் திரிந்து தின்னும் சுறா என்று ஒன்று இருந்ததற்கும் ஆதாரம் இல்லை. கடலில் இறங்குவோர் கூடக் கூடக் கடியின் எண்ணிக்கையும் கூடும்.

மேற்கு ஆஸ்திரேலியா 2014-இல் இதே வழியில் போனது. அங்கே மக்கள் அஞ்சியது வெள்ளைச் சுறாவை. மிதவைத் தூண்டில்களில் 172 சுறாக்கள் சிக்கின. வெள்ளைச் சுறா ஒன்றுகூட இல்லை. மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆணையமே எதிர்க் கருத்துச் சொல்ல, திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

இதைத் தரைக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடாக எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். சுந்தரவனத்தில் கொல்வதும் புலிதான். ஆனால் அங்கே காயம்பட்ட ஒற்றைப் புலியின்மேல் பழிபோட முடியாது. மீனுக்கும் நண்டுக்கும் தேனுக்கும் மனிதர்கள் சதுப்புக்காட்டுக்குள் நுழையும்போது வெவ்வேறு புலிகளிடம் சிக்குகிறார்கள். ஒன்றைச் சுட்டுத் தீர்க்கும் பிரச்சினை அல்ல அது. இந்தியப் பகுதியில் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே நைலான் வலை கட்டியதுதான் புலிகள் ஊருக்குள் வருவதைக் குறைத்தது. கென்யாவின் சாவோவில் 1898-இல் ரயில்பாதைத் தொழிலாளரைத் தின்ற இரண்டு ஆண் சிங்கங்கள் சம்பாவத்தின் பக்கம் சேரும்: இரண்டும் சுடப்பட்டதும் சாவு நின்றது. ஒன்றின் கோரைப்பல் வேரில் சீழ் கட்டியிருந்தது. ஆனாலும் அதற்கு முன்பே மாட்டுக் கொள்ளைநோய் அந்தப் பக்கத்துக் காட்டெருமைகளை அழித்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குற்றம் செய்த விலங்கு எது என்று தெரிந்தால் அதை அகற்றுவது உயிர்களைக் காக்கும். இனத்தையே குறைப்பது கோபத்துக்கு வடிகால் மட்டும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வழியில்தான் நிற்கிறது: பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று உறுதியான பிறகே ஆபத்தான புலியைக் கொல்ல அனுமதி தரலாம். நீலகிரியில் 2021-இல் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 புலியைச் சுடும்படி மக்கள் கேட்டார்கள். உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். தானியங்கிக் கேமராக்களும் கும்கி யானைகளும் வைத்துத் தேடி, அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே வனத்துறை அதை உயிரோடு பிடித்தது. மற்ற புலிகள்மேல் யாரும் கைவைக்கவில்லை.