ஃபான்ஜியோவைப் பார்க்காத கூட்டம்

1950 மே 21, மொனாக்கோ. முதற்சுற்றிலேயே, கடலலை தெறித்து நனைந்திருந்த தபாக் வளைவில் ஃபரினாவின் கார் சுழன்றது. பின்னால் வந்த கார்கள் ஒன்றோடொன்று மோதி வீதியை அடைத்துவிட்டன. முன்னாலே போய்விட்ட ஃபான்ஜியோவுக்கு இது தெரியாது. அடுத்த சுற்றில் அங்கே வந்தவர் பிரேக்கை அழுத்தினார். பின்னாளில் அவரே சொன்ன காரணம்: முதலாவதாக வரும் தன்னைக் கூட்டம் பார்க்கவில்லை, முகங்கள் மற்றப் பக்கம் திரும்பியிருந்தன. அந்தப் போட்டியை வென்றதும் அவர்தான்.

அதிர்ஷ்டம் எண்டு கனபேர் சொல்லுவினம். காரின் மூக்கையே பார்த்து ஓடுற ஆளுக்குக் கூட்டத்தின் முகம் எப்பிடித் தெரியும்?

மைக்கேல் லாண்டும் டேவிட் லீயும் 1994இல் இதை அளந்தே காட்டினார்கள். வளைவுக்கு ஒன்றிரண்டு செக்கன் முன்பே சாரதியின் கண் அதன் உள்விளிம்புக்குப் போய்விடுகிறது. 2001இல் லாண்டும் பென் டாட்லரும் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் மலரி பார்க்கில் ஓடிய தோமஸ் ஷெக்டரின் தலை, கார் திரும்புவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கன் முன்பே திரும்பியது.

சிமுலேற்றரில் பெரும்பாலும் ஒரே திரைதான், தலைக்கு வேலை இல்லை. பார்வைக் கோணத்தை அளவுக்கு மீறி விரித்தால் தூரமும் பிழையாத் தெரியும். அதைத் திரைக்கும் இருக்கைக்கும் ஏற்றமாதிரிச் சரிசெய்துவிட்டு, பிரேக் பிடிக்கும் இடம், உள்விளிம்பு, வெளியேறும் இடம் எண்டு கண்ணை முன்னுக்கு அனுப்பிப் பழகலாம். கூட்டம் மட்டும் அங்கே வெறும் படம், விபத்துக்கும் திரும்பாது. அதால மஞ்சள் கொடியைத்தான் தேடிப் பழகவேண்டியிருக்கு.